வாட்ஸ்அப், ஏஐ, அரசியல் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கும் காலத்தில் ஒரு நடுத்தரக் கம்பெனி தன் பெயரை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது? பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சி வைத்தே ஆக வேண்டுமா?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் 12 வருடமாக இருக்கிறேன். வெளிநாட்டு வாங்குபவர், அதிகாரி, நிருபர், விவசாயி என்று வெளியாட்களிடம் பேசுவது என் வேலை. ஏஜென்சி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன், ஒரு பிரச்சினை வந்தால் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதை முடிவு செய்து வையுங்கள். எங்களுக்கு அது ஒரு சீசனில் பட்டுத்தான் புரிந்தது.

ஜூன் மாதம், வரத்து உச்சத்தில் இருந்த நேரம். காலை ஆறு மணிக்குள் ஒரே வீடியோவைப் பத்து பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். மாம்பழம் மலையாகக் குவிந்து அழுகிக் கிடக்கிறது, ஈ மொய்க்கிறது. ‘இதைத்தான் ஜூஸாகக் குடிக்கிறீர்கள்’ என்ற வரியோடு எங்கள் கம்பெனி பெயர். வீடியோ பொய்யில்லை, எங்கள் பின்கேட்டில் எடுத்ததுதான். பழம் ஓடிவரும் பெல்ட்டில் பெண்கள் பொறுக்கி ஒதுக்கும் பழமும் தோலும் கொட்டையும் சாயங்காலம் டிராக்டரில் எருவுக்குப் போகும். முந்தைய இரண்டு நாள் டிராக்டர் வரவில்லை. அந்த வரி மட்டும்தான் பொய்.

முதலாளி உடனே வக்கீல் நோட்டீஸ் என்றார். நானும் சரி என்றுதான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். எங்கள் சூப்பர்வைசர் அண்ணன்தான் தடுத்தார். “சார், வீடியோ எடுத்தவன் நமக்குப் பழம் போடுறவர் பையன். நோட்டீஸ் போச்சுன்னா அந்த ஊரே நமக்கு வண்டி அனுப்பாது.”

நோட்டீஸை நிறுத்தினோம். பெல்ட்டில் நிற்கும் இரண்டு அக்காக்களைப் பேச வைத்து, ஒதுக்கிய பழம் எந்த வழியாக வெளியே போகிறது என்று போனிலேயே ஒரே ஓட்டமாக எடுத்தோம். இரண்டு நாள் குவியலை அப்படியே போட்டு வைத்தது எங்கள் தப்பு என்றும் அதில் சொன்னோம். முதலாளிக்கு அந்த வரி பிடிக்கவில்லை. ஆனால் அந்த வரி இருந்ததால்தான் மற்றதை ஜனங்கள் நம்பினார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். பழைய வீடியோ சுற்றிய அதே குரூப்களில், அந்தந்த ஊர்க்காரர்கள் மூலமாகவே மதியத்துக்குள் இதுவும் போய்விட்டது.

இன்னொரு பக்கம், வளைகுடா வாங்குபவருக்கு அவர் பார்ப்பதற்கு முன்பே நாங்களே அந்த வீடியோவை அனுப்பினோம். 215 கிலோ ட்ரம் ஒவ்வொன்றிலும் பேட்ச் எண் இருக்கும். அதை வைத்து எந்தத் தேதியில் அரைத்தது, சோதனை முடிவு என்ன என்று எடுத்துவிடலாம். அந்த வாரத்து பேட்ச்களின் ஆய்வக அறிக்கையையும் சேர்த்தே அனுப்பினோம். ஒரு ஆர்டர்கூட ரத்தாகவில்லை. அந்தப் பதிவேடு இல்லாமல் எவ்வளவு அழகாகக் கடிதம் எழுதியிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

தாமதமாகப் பேசினால் என்ன ஆகும்? 2015-ல் மேகி நூடுல்ஸுக்கு நடந்தது நினைவிருக்கும். மே மாதமே அதில் ஈயம், எம்எஸ்ஜி என்ற சுவையூட்டி இருக்கிறது என்று ஊரே பேசியது. மேகியைச் செய்யும் நெஸ்லேயின் உலகத் தலைவர் டெல்லிக்கு வந்து நிருபர்களைச் சந்தித்தது ஜூன் 5-ல், நாடு முழுக்கத் தடை வந்த அன்றைக்கு. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. வழக்கில் ஜெயித்தும் அந்தச் சில மாத விற்பனை போனது போனதுதான்.

அரசியலும் இப்படித்தான் கேட்டுக்கு வந்து நிற்கும். 2025-ல் தோதாபுரி மாம்பழம், எங்கள் பேச்சில் பெங்களூரா, விலை படுத்துவிட்டது. ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலப் பழத்துக்குத் தடை போட்டது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் அறிவித்தது. அதில் ஆலை தருவது 8, அரசு மானியம் 4. ‘அங்கே 12, நீங்கள் ஏன் தரவில்லை?’ என்று எங்களிடம் கேட்டார்கள். கஷ்டத்தில் இருப்பவர் கேட்கும் நியாயமான கேள்வி அது. 12 எப்படி வருகிறது, அன்றைய எங்கள் விலை என்ன, எத்தனை டன் அரைக்க முடியும், அன்றைக்கு எத்தனை வண்டிக்கு டோக்கன் என்று கேட்டிலேயே பலகையில் எழுதி வைத்தோம். கோபம் போய்விடவில்லை. ஆனால் டோக்கன் கிடைக்காத வண்டி ராத்திரியெல்லாம் காத்திருந்து பழம் கெட்டுப்போவது நின்றது.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று வேறு ஊர் வீடியோக்கள் பரவியபோது, டிஜிபி சைலேந்திர பாபுவே வீடியோவில் மறுத்தார். ஓசூரில் ஒரு கம்பெனியில் மனிதவளத் துறையில் இருக்கும் என் நண்பர், ஆங்கில அறிவிப்பை ஒட்டியும் பசங்கள் பையைக் கட்டியதைப் பார்த்தார். கேன்டீனில் உட்கார வைத்து வீட்டுக்கு வீடியோ கால் போடச் சொன்னார். பயம் பீகாரில் இருந்த அம்மாக்களிடம்தானே இருந்தது!

ஏஐ வந்தபின் குரலையும் முகத்தையும் நம்ப முடியாது. 2024 ஏப்ரலில் தேசியப் பங்குச் சந்தையின் தலைமை அதிகாரி பங்கு சிபாரிசு செய்வது போலப் போலி வீடியோ வந்து, சந்தையே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. அதனால் விலை மாற்றம், கொள்முதல் நிறுத்தம் எதையும் நாங்கள் வாய்ஸ் மெசேஜில் சொல்வதில்லை. பலகையிலும் ஒரே ஒரு எண்ணிலிருந்தும்தான் வரும் என்று சீசனுக்கு முன்பே ஊர் ஊராகப் போய்ச் சொல்லிவிடுகிறோம்.

ஏஜென்சி? டிவி விவாதம், வழக்கு, வெளிநாட்டுப் பத்திரிகை என்று போனால் வையுங்கள், அந்த வேலை அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் வீடியோ எடுத்த பையன் யார் வீட்டுப் பையன் என்று பெங்களூரில் இருக்கும் ஏஜென்சிக்குத் தெரியாது. எங்கள் சூப்பர்வைசர் அண்ணனுக்குத் தெரியும். அவர் எண்ணைத்தான் நான் முதலில் அழைப்பேன்.