கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குப் போக எந்த மாதம் நல்லது? வெயில் தாங்குமா?

கடலில் குளிப்பதுதான் முக்கியம் என்றால் செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் நடு வரை. மலையேற்றமும் காட்டுப்பூக்களும் என்றால் ஏப்ரல் கடைசியும் மே மாதமும். ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு கிடைக்கும் என்பவர்கள் வெயிலைவிடக் காற்றைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மேயிலும் அக்டோபரிலும் தீவின் தலைநகரான ஹெராக்லியோனில் பகல் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான், 23, 24 டிகிரி. ஆனால் கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாகத்தான் ஆறும். மேயில் தண்ணீர் 19 டிகிரியை ஒட்டி இருக்கும், இறங்கினால் வெடவெடக்கும். அக்டோபரில் 23.

இனி காற்று. கோடையில் பால்கன் பக்கம் அழுத்தம் உயர்ந்து, துருக்கிப் பக்கம் தாழ்ந்து கிடக்கும். அதனால் ஏஜியன் கடல் மேல் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று அடிக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை இதன் உச்சம். காலை பத்து மணிக்கு மேல் கிளம்பி, மதியம் வலுத்து, இரவில் பெரும்பாலும் அடங்கும். தொடங்கினால் சில நாள் விடாது. வடகரை 29 டிகிரியோடு நிற்பது இதன் புண்ணியம்தான், ஆனால் ரெதிம்னோ, மாலியா பக்கம் அலை எழும்பி, குளிக்கக்கூடாது என்ற சிவப்புக் கொடி ஏறிவிடும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தோல் கருகுவதும் தாகமும் தெரியாது.

அப்போது தென்கரையில் கடல் தட்டையாகக் கிடக்கும். அதை நம்பி ஏமாற வேண்டாம். மலை இடுக்குகள் வழியாகக் காற்று கீழே பாய்ந்து கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். பிளாகியாஸில் மணல் ஊசியாய்க் குத்தும். காற்றடைத்த மெத்தையில் குழந்தைகளை விடவே கூடாது, லிபியா திசையில் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பலமான காற்றில் படகுகளையும் நிறுத்திவிடுவார்கள். சமாரியா பள்ளத்தாக்கில் 16 கிலோமீட்டர் இறங்கி அகியா ரூமேலிக்கு வந்தால் அங்கே சாலை கிடையாது, திரும்ப வழி படகு மட்டுமே. முந்தைய நாளே விசாரித்துவிடுங்கள். பள்ளத்தாக்கு வழக்கமாக மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். மழை பெய்தால் கல் உருளும் என்று மூடிவிடுவார்கள்.

வசந்தத்தில் கதை தலைகீழ். ஆப்பிரிக்காவிலிருந்து தெற்குக் காற்று வரும், சகாராப் புழுதியோடு. மலையைத் தாண்டி இறங்கும்போது காற்று இன்னும் சூடாகும் என்பதால் வடகரையில் ஏப்ரலிலேயே 30 டிகிரி தாண்டலாம். 2018 மார்ச் 22 அன்று தீவு முழுக்க வானம் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலர் இல்லாமல் கிளம்பக்கூடாது.

மழை நவம்பர் முதல் மார்ச் வரை. மேற்கு மலைகளில் கொட்டும், தென்கிழக்கில் இயெராபெத்ராவில் குறைவு. ஜனவரிப் பகல் 15 டிகிரிதான், ஆனால் 2,456 மீட்டர் உயர சிலோரிட்டிஸ் மலையுச்சி பனியால் வெள்ளையாக இருக்கும். கடற்கரை ஓட்டல்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், அதனால் ஹானியாவிலோ ஹெராக்லியோனிலோ தங்குங்கள், ஹீட்டர் உண்டா என்று கேட்டுவிட்டு.

வானிலை ஆப்பில் டிகிரியைப் பார்க்கும் முன் காற்றின் திசையைப் பாருங்கள். காற்றைப் பார்த்து இடம் மாற்ற முடியாதவர்களுக்குப் பாலியோஹோரா தோது. சின்னத் தீபகற்பத்தில் இருக்கும் ஊர், மேற்கே மணல் கடற்கரை, கிழக்கே கூழாங்கல் கடற்கரை. ஒன்றில் காற்று அடித்தால் சில நிமிடம் நடந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம்.