பரணில் கிடைத்த துப்பாக்கியும் தாத்தாவின் மடக்குக் கத்தியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பூர்விக வீட்டை இடிப்பதற்கு முன் பரணை ஒழித்தபோது, கோணியில் சுற்றிய நீளமான துப்பாக்கி ஒன்று கிடைத்தது. அதன் பக்கவாட்டுத் தகட்டில் கிரீடமும் 1861 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. 1857 கலகத்தோடு சேர்த்துப் பேசப்படும் என்ஃபீல்ட் ரைஃபிள்தானா இது? ஒருமுறையாவது சுட்டுப் பார்க்க ஆசை. பழம்பொருளுக்கு உரிமம் தேவையில்லை என்கிறார் என் நண்பர்.
(வாசகர், புரசைவாக்கம்)

பதில்: கடைசியில் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் நண்பர் பாதிச் சட்டத்தை மட்டும் படித்திருக்கிறார். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு பழைய ஆயுதங்களுக்கு விலக்கு அளிப்பது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும்கூடத் துப்பாக்கியாகப் பயன்படாத நிலையில் உள்ளவற்றுக்குத்தான் அந்த விலக்கு. குழல் அடைபடாமலும் சுத்தியல் இயங்கும் நிலையிலும் இருந்தால் உங்களுடையது அதில் சேராது. 2016ஆம் ஆண்டு விதிகளும் இத்தகைய வரலாற்று ஆயுதங்களைத் தனி வகையாகவே குறிப்பிடுகின்றன. ஆகவே பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, அங்கோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, சென்னையில் உரிமம் வழங்கும் அதிகாரியான காவல் ஆணையரிடம் விண்ணப்பியுங்கள். முதலில் வெறுங்கையோடு போய்ச் சொல்லிவிட்டு, எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களிடமே கேளுங்கள். கோணியோடு ஆட்டோவில் ஏறிவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இனி, அது என்ஃபீல்ட்தானா என்ற கேள்வி. 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்ட் ரைஃபிளின் குழல் 39 அங்குல நீளமுடையது, மூன்று இரும்புப் பட்டைகள் அதைக் கட்டையோடு பிணைத்திருக்கும், உள்விட்டம் 0.577 அங்குலம்; குழலின் உட்சுவரில் குண்டைச் சுழலவைக்கும் வரிகள் ஓடும். உங்கள் துப்பாக்கியில் 1861 என்று இருப்பதால்தான் எனக்கு ஐயம் எழுகிறது. கலகம் அடங்கிய பின், தங்கள் படையினருக்குக் கொடுப்பதைப் போலக் குறி தவறாத ஆயுதத்தை இந்தியச் சிப்பாய்களிடம் கொடுக்க விரும்பாத பிரிட்டிஷார், புறத்தோற்றத்தில் என்ஃபீல்டையே ஒத்ததும், ஆனால் உட்புறம் வரியின்றி வழுவழுப்பாகவும் சற்று அகலமாகவும் இருந்ததுமான துப்பாக்கியை அவர்களுக்கு வழங்கினார்கள். பின்புறக் குறிகாட்டியைப் பாருங்கள். ரைஃபிளில் அது ஏணிபோல நிமிர்ந்து நூற்றுக்கணக்கான கஜ தூரங்களைக் காட்டும். சிப்பாய்த் துப்பாக்கியிலோ அது அசையாத சிறு மேடுதான். இரண்டாவது வகையாக இருந்தால் ஏமாற்றம் வேண்டாம்: அந்த அவநம்பிக்கையின் தடயத்தை இரும்பிலேயே காண முடிவதால், நான் அதைத்தான் விரும்பி எடுப்பேன்.

சுடுவது வேண்டாம். முதலில் அதற்குள் பழைய வெடிமருந்து இருக்கிறதா என்று ஆயுத வணிகரின் கைவினைஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டு, அது இறங்கிய ஆழத்தைக் குழலின் வெளிநீளத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஈரம் படாத கறுப்பு மருந்து நூறாண்டு கடந்தும் வெடிக்கும். வெளிநாடுகளில் இத்தகைய துப்பாக்கிகளால் போட்டியிடுவோர் உண்டு; அவர்களும் குழலைச் சோதித்த பிறகே கறுப்பு மருந்தை அளந்து இடுகிறார்கள். நவீன மருந்தின் அழுத்தத்தை அந்த இரும்பு தாங்காது.

கேள்வி: பட்டாளத்தில் இருந்த தாத்தாவின் மடக்குக் கத்தியில் ஓர் அலகும், டின் திறப்பானும், கூரான முள் ஒன்றும் உள்ளன. அம்புக்குறியும் தெரிகிறது. பெசன்ட் நகர் காற்றில் துரு ஏறுகிறது. மெருகிடலாமா? சட்டையில் வைத்துக்கொள்ளலாமா?
(வாசகி, பெசன்ட் நகர்)

பதில்: அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் உடைமை முத்திரை. அந்த முள் கயிற்றின் புரிகளைப் பிரித்துப் பின்னவும், இறுகிய முடிச்சை அவிழ்க்கவும் அமைந்தது. குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க என்று பலர் சொல்வது கதை. மெருகுச் சக்கரத்தில் கொடுத்தால் முத்திரையும் ஆண்டும் தேய்ந்துபோகும். பிறகு அது வெறும் பழைய கத்திதான். செந்துருவை மட்டும் எண்ணெயில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடையுங்கள். கருமை படிந்திருந்தால் விட்டுவிடுங்கள். மூட்டில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும். தோலுறையில் போட்டுவைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்தை உறிஞ்சி அது இரும்பை அரிக்கும்.

9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுத விதிகள் கணக்கில் எடுக்கின்றன. உங்களுடையது அதில் பாதிகூட இராது. ஆனாலும் விமானத்தில் கைப்பையில் அனுமதி இல்லை. கூட்டமான இடங்களுக்கு எடுத்துச் செல்லவும் நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: காவலர்கள் தோளில் பார்த்த 303 ரைஃபிளை நாம் வாங்க முடியுமா?
(வாசகர், வில்லிவாக்கம்)

பதில்: முடியாது, அந்தத் துளை அளவு (குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம்) பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டது. படையின் தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக் கூடாது என்ற பிரிட்டிஷ் காலத்து எண்ணத்தின் மிச்சம் அது. அதனால்தான் மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் துப்பாக்கி ஆலை, 303 ரைஃபிளில் உள்ள அதே லீ-என்ஃபீல்ட் இயக்கத்தை வைத்து 315 தோட்டாவுக்கான வேட்டை ரைஃபிளைச் செய்தது. உரிமம் உள்ளவர் அதை வாங்கலாம். பார்த்தால் போதும் என்றால், எழும்பூரில் பழைய ஆணையர் அலுவலகக் கட்டடத்தில் 2021ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காவல் அருங்காட்சியகத்துக்கும், கோட்டை அருங்காட்சியகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.