உண்ணிக்கு மூலிகைத் தெளிப்பு: செத்ததை எண்ணாதீர்கள், முட்டையைப் பாருங்கள்

கேள்வி: நான்கு கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கிறேன். கடையில் வாங்கும் உண்ணி மருந்து முன்புபோல் கேட்பதில்லை. வேப்ப எண்ணெய் தடவினேன். இரண்டே நாளில் மறுபடி உண்ணி. மூலிகை மருந்து உண்மையிலேயே பலன் தருமா? நானே தயாரித்துப் பக்கத்துப் பண்ணைகளுக்கும் கொடுக்கலாமா?

பலன் தரும். ஆனால் அடித்த அன்றே உண்ணி பொலபொலவென்று உதிர வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வேம்பில் உள்ள அசாடிராக்டின், உண்ணி தோலுரித்து வளர்வதையும் முட்டையிடுவதையும் குலைக்கும் பொருள். அது வேப்பங்கொட்டையின் பருப்பில்தான் அதிகம், இலையில் குறைவு. வெயில் பட்டால் சில நாட்களில் சிதைந்தும் போகும்.

இரண்டு நாளில் நீங்கள் பார்த்தவற்றில் புதிய உண்ணிகளும் இருக்கலாம். நம் மாடுகளில் அதிகம் காணும் மாட்டு உண்ணி, குஞ்சாக ஏறி, ஏறக்குறைய 3 வாரம் அதே மாட்டில் வளர்ந்து, ரத்தம் குடித்து உப்பியதும் கீழே விழும். விழுந்த ஒரு பெண் உண்ணி கட்டுத்தரை விரிசலிலோ சாணிக்கு அடியிலோ 2,000-க்கு மேல் முட்டையிடும். மாட்டுக்கு மட்டும் மருந்து அடித்தால், தரையில் இருக்கும் கூட்டம் அப்படியே தங்கிவிடும். கடை மருந்து கேட்காததற்கும் இதில் பங்கு உண்டு. கூடவே, சொன்ன அளவைக் குறைத்துக் கலப்பதும் ஒரே மருந்தை வருடக்கணக்காக அடிப்பதும் மருந்தைத் தாங்கும் எதிர்ப்புத் திறனை உண்ணியிடம் வளர்த்துவிடுகின்றன.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தேசிய பால்வள வாரியமும் பரிந்துரைக்கும் கலவையில் இருந்து தொடங்குங்கள். பூண்டு 10 பல், வேப்பிலை, வேப்பம்பழம், உண்ணிச்செடி இலை, துளசி தலா ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம். எல்லாவற்றையும் அரைத்து, ஒரு லிட்டர் நீரில் கலந்து, துணியில் வடிகட்டுங்கள். வெயில் உள்ள பகலில் உடம்பு முழுக்கத் தெளிக்கலாம், அல்லது துணியில் நனைத்துத் துடைக்கலாம். காதின் உள்மடிப்பு, அலைதாடி, தொடை இடுக்கு, வால் அடி ஆகிய இடங்களை விட்டுவிடாதீர்கள். கட்டுத்தரைச் சுவரின் விரிசல்களிலும் அடியுங்கள். வாரம் ஒருமுறை, உண்ணி அடங்கும் வரை தொடருங்கள். பால் கறந்த பிறகு தெளித்து, அடுத்த கறவைக்கு முன் மடியைக் கழுவிவிடுங்கள். உண்ணிச்செடியை மாடு தின்றால் கல்லீரல் கெடும். அதனால் அரைத்த சக்கையை மாட்டுக்கு எட்டாத இடத்தில் போடுங்கள்.

சீத்தா விதை, புகையிலைச் சாறு பற்றியும் பலர் கேட்கிறார்கள். சீத்தா விதைத் தூள் கண்ணில் பட்டால் கண்ணையே புண்ணாக்கும். புகையிலையின் நிக்கோட்டின் தோல் வழியே ஏறி மாட்டையும் உங்களையும் பாதிக்கும். இரண்டும் வேண்டவே வேண்டாம்.

நீங்கள் செய்த கலவை வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஆய்வகங்களில் செய்யும் சோதனையின் எளிய வடிவம் இது. சிறிய ஆமணக்கு விதைபோல் உப்பிய பெண் உண்ணிகளைக் கையுறை போட்டு 20 எடுங்கள். 10-ஐக் கலவையிலும் மீதி 10-ஐ வெறும் நீரிலும் ஐந்து நிமிடம் முக்கி, காகிதத்தில் ஒற்றி, தனித்தனிப் புட்டியில் போட்டு, வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி நிழலில் வையுங்கள். நீரில் முக்கியவை சில நாளில் பழுப்பு நிறத்தில் பளபளவென்று முட்டைகளைக் குவிக்கத் தொடங்கும். இரண்டு வாரம் கழித்து இரண்டு குவியலையும் ஒப்பிடுங்கள். கலவையில் முக்கியவை உயிரோடு ஊர்ந்தாலும் முட்டை வெகுவாகக் குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்றுதான் பொருள். மூலிகையைப் பொறுத்தவரை நான் நம்புவது இந்த அளவுகோலைத்தான். பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு அழித்துவிடுங்கள். உண்ணியை விரலால் நசுக்காதீர்கள், அதன் ரத்தத்தில் மனிதருக்குத் தொற்றும் கிருமிகளும் இருக்கலாம்.

அப்புறம், பக்கத்துப் பண்ணைகளுக்குக் கொடுப்பது பற்றி. செய்முறையைத் தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள், புட்டியில் அடைத்து விற்க வேண்டாம். மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் அசாடிராக்டின் அளவு மாறும். பூஞ்சணம் பிடித்த கொட்டையில் வீரியம் போய்விடும். அரைத்த கலவையும் நாள்பட நிற்காது, அன்றன்றைக்கே அரைத்து அடிப்பதுதான் சரி. ஒவ்வொரு புட்டியிலும் ஒரே வீரியம், வெயிலிலும் நிற்கும் தன்மை, பாலில் எச்சம் இல்லை என்ற உறுதி: தாவர மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவர நினைக்கும் ஆய்வாளர்களுக்கே இவைதான் பெரிய சவால். விற்பதற்கு மருந்து உரிமமும் வேண்டும்.

மாட்டுக்குக் கடும் காய்ச்சல், தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டுதல், சிறுநீர் காப்பி நிறத்தில் போதல் இவற்றில் எது தெரிந்தாலும் தெளிப்பை நிறுத்திவிட்டு அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அது உண்ணி கடத்திய ரத்த ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். அதற்கு ஊசி மருந்துதான் வேண்டும். கலப்பின மாடு இதில் வெகு சீக்கிரம் சாய்ந்துவிடும்.