மலையேறும் நீராவி எஞ்சின்

கேள்வி: ரயில் ரசிகர்கள் பலர், வேகமான மின்சார எஞ்சின்களை விட்டுவிட்டு நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சினைக் கொண்டாடுவது ஏன்?
– வாசகர், ஈரோடு

பதில்: அதன் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதுதான் காரணம் என்பேன். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் உருவான எக்ஸ் வகை எஞ்சின், சமதளத்தில் இரண்டு சிலிண்டர்களோடு ஓடினாலும், கல்லாறு தாண்டி, மிகச் செங்குத்தான இடங்களில் 12 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் தொடங்கியதும், அவற்றில் ஒருமுறை வேலை செய்து வெளிவரும் நீராவியையே மேலும் இரண்டு சிலிண்டர்களுக்குச் செலுத்தி, தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பற்சட்டத்தைப் பற்றிக்கொள்ளும் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. பெட்டிகளை இழுக்காமல், பின்னாலிருந்து தள்ளியபடியே அது குன்னூர் வரை மூச்சிரைக்க ஏறுகிறது. திருச்சி பொன்மலைப் பணிமனையும் பிற்காலத்தில் இவ்வகை எஞ்சின்களைக் கட்டியது. எனினும், பழைய சுவிஸ் எஞ்சின்களின் மீதே எனக்குச் சற்றுக் கூடுதல் பிரியம்.