டிரீட் எப்போ?

ஏப்ரல் வந்தாலே கடைசி வருஷப் பிள்ளைகளின் கடிதம் கூடிவிடும். போன மாசம் வரைக்கும் காதல், ஹாஸ்டல் சாப்பாடு, வீட்டில் போன் பிடுங்கி வைத்துக்கொண்டது என்று கலந்துகட்டி வந்தது. இந்த மாசம் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஜெயித்ததைக் கொண்டாடலாமா கூடாதா, கொண்டாடினால் யார் காசில்? பழைய வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தாலும் புலம்பல் பிரியவில்லை. நாலு கடிதம் எடுத்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறது.

கேள்வி: சார், நான் வேலூரில் பி.எஸ்சி கெமிஸ்ட்ரி கடைசி வருஷம். அம்மா பீடி சுற்றுகிறார், அப்பாவுக்குத் தறி வேலை. பாலாற்றங்கரையில் 14 கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதித்த எங்கள் பிராஜெக்டுக்கு, பல கல்லூரிகள் கலந்துகொண்ட சிம்போசியத்தில் முதல் பரிசு கிடைத்தது. அடுத்த வாரமே கேம்பஸ் இன்டர்வியூவில் சென்னைக் கம்பெனி ஒன்றில் செலக்ட் ஆனேன். நல்ல கம்பெனி, சம்பளமும் பரவாயில்லை, ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்துவிட்டது. அன்றிலிருந்து ‘டிரீட் எப்போ’ என்று 18 பேர் துரத்துகிறார்கள். கையில் காசில்லை. மூணு வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்த என் தோழி செலக்ட் ஆகவில்லை. அவள் முன்னால் சிரிக்கவே கூச்சமாக இருக்கிறது. எதையும் கொண்டாடாமல் விட்டுவிடட்டுமா?
— குடியாத்தம் வாசகி

பதில்: ஏம்மா, 14 கிணற்றை ஒரே வரியில் தாண்டிவிட்டு கம்பெனியைப் பற்றி அத்தனை எழுதியிருக்கிறாயே, எனக்கு அது நேர்மாறாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

தண்ணீர் சாம்பிள் எடுப்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். கேனை அதே தண்ணீரில் அலசி, நிரப்பி, ஊர் பேரும் தேதியும் எழுதி ஒட்டி, வெயிலில் பஸ் பிடித்துக் கல்லூரி லேபுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். அப்புறம்தான் வேலையே. கடினத்தன்மை பார்க்க பியூரெட் என்கிற அளவுக் கண்ணாடிக் குழாயைத் திறந்துவிட்டு, ஒயின் சிவப்பு நீலமாக மாறுகிற அந்த ஒரு சொட்டுக்காகக் கண் இமைக்காமல் நிற்பது, ஒரு சொட்டு கூடிப்போனால் மறுபடி முதலிலிருந்து. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் மொத்த அளவு என்றால் மீட்டரைத் தண்ணீரில் விட்டு நம்பரைப் படித்தும் சொல்லிவிடலாம், இல்லை தண்ணீரைச் சுண்ட வைத்து அடியில் மிஞ்சுகிற உப்பை எடை போட்டும் பார்க்கலாம். நீங்கள் எந்த வழியில் செய்தீர்கள் என்று எழுதியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை என்று இந்தியத் தர அளவு சொல்கிறது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த நம் பாலாற்றங்கரையில் அந்த நம்பருக்கு என்ன அர்த்தம் என்று உனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அதெல்லாம் நீ செய்து முடித்தது. யாரும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. ஆஃபர் லெட்டர் அப்படியில்லை, அது அவர்கள் கொடுத்திருக்கிற வாக்கு. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் 2022இல் படிப்பை முடித்த பையன்கள் எத்தனையோ பேர் ஐடி கம்பெனி ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் டிரீட் கொடுத்துவிட்டு, ஜாயினிங் தேதிக்காக ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ‘எப்பப்பா வேலைக்குப் போறே’ என்று முதலில் கேட்டதும் டிரீட் சாப்பிட்டவர்கள்தான். அதனால் வேலைக்கான கொண்டாட்டத்தை முதல் சம்பளம் அக்கவுண்டில் விழுகிற அன்றைக்கு வைத்துக்கொள். பரிசுக்கானதை இந்த வாரமே செய், ஏனென்றால் மே மாசம் வந்தால் ஹாஸ்டல் காலி, ஆளுக்கொரு ஊர், அப்புறம் வாட்ஸ்அப்பில் பொம்மை கேக்தான் வெட்ட வேண்டும்.

பதினெட்டுப் பேர் கணக்குக்கு வருவோம். பிரியாணி ஒரு பிளேட் 200 என்றே வை, 3,600 ஆயிற்று. பிரியாணியோடு நிற்பார்களா, ஜூஸ் கேட்பார்கள், ஒருத்தி சிக்கன் 65 சொல்லுவாள். இந்தக் காசுக்கு உங்கள் அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும் என்று உனக்கே தெரியும், நான் கணக்குப் போடவில்லை. ‘முதல் சம்பளம் வரட்டும், ஆம்பூர் பிரியாணியே வாங்கித் தரேன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடு. அதற்குக் கோபித்துக்கொள்கிறவர்கள் பிரியாணிக்குத்தான் சிநேகிதம், உனக்கில்லை.

பரிசைக் கொண்டாட அவ்வளவெல்லாம் ஆகாது. ஆற்காடு மக்கன் பேடா அரைக் கிலோ வாங்கு. பார்க்க குலாப் ஜாமூன் மாதிரி இருந்தாலும் பிய்த்தால் உள்ளே முந்திரி, பாதாம், திராட்சை என்று ஒரு புதையலே இருக்கும், ஒன்று தின்றாலே திகட்டிவிடும், அதனால் அரைக் கிலோ நிறையப் பேருக்கு வரும். லேப் அட்டெண்டருக்கு முதலில் கொடு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சாவியை ஆட்டிக்கொண்டே உங்களுக்காக நின்றவர் அவர்தானே? அப்புறம் அந்தக் கிணற்றுக்காரர்கள். உங்கள் புரொபசரைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் தண்ணீரில் என்ன இருந்தது என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். தண்ணீரை மொண்டு கொடுத்துவிட்டு, ‘இந்தப் பொண்ணு என்னவோ எடுத்துக்கினு போச்சே, என்ன ஆச்சு’ என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

அம்மாவிடம் ‘பரிசு வாங்கினேன்’ என்று மட்டும் சொல்லாதே. என்ன செய்தாய் என்று சொல். உப்பு எப்படி அடியில் மிஞ்சும் என்று அவருக்கு நன்றாகவே புரியும், வீட்டில் தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தைத் தினம் தேய்க்கிறவர் அவர்.

இப்போது தோழி. இதில் நான் அடிபட்டவன். 1985இல் எனக்கு பி.எஸ்சி ரிசல்ட் வந்தபோது (அப்போது நம் ஊர்க் கல்லூரிகளெல்லாம் மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்குக் கீழே) எனக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ், என் கூடவே சைக்கிளில் வந்துபோன கொசப்பேட்டைக்காரனுக்கு இரண்டு பேப்பர் போய்விட்டது. அவனுக்குச் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. அம்மா பாயசம் வைத்தார், நான் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினேன், அவன் அந்தப் பக்கம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று. நல்ல எண்ணத்தில்தான். மறுநாள் பங்க்சர் ஒட்டப் போன இடத்தில் சைக்கிள் கடைக்காரர் அவனிடம் ‘உன் ஃபிரெண்டு ஃபர்ஸ்ட் கிளாஸாமே’ என்று சொல்லியிருக்கிறார். இரண்டு மாசம் பேசவில்லை. கடைசியில் கோட்டை அகழி ஓரம் உட்கார்ந்திருந்தபோது சொன்னான்: “நீ பாஸானது எனக்கு வலிக்கலடா. நான் வயிறெரிவேன்னு நெனச்ச பாரு, அதான்.”

அதனால் நீயே போய் உன் வாயால் சொல், மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால். சொல்லிவிட்டு ‘உனக்கும் கிடைக்கும், கவலைப்படாதே’ என்று ஆரம்பிக்காதே, சும்மா பக்கத்தில் உட்கார். இன்னொன்றும் கவனித்தேன். ‘எங்கள் பிராஜெக்ட்’ என்று எழுதியிருக்கிறாய். ஒரே பெஞ்ச் என்றால் அவளும் அந்த 14 கிணற்றுக்கும் வந்தவளாகத்தான் இருப்பாள். அப்படியானால் கூச்சத்துக்கு என்ன வேலை? பரிசு அவளுடையதும்தான். பேடா டப்பாவை அவள் கையில் கொடுத்து அவளையே பங்கிடச் சொல்.

கேள்வி: எஞ்சினியரிங் கடைசி வருஷம் சார். ஏழு அரியர் இருந்தது. எம்3 என்கிற மூணாவது கணக்குப் பேப்பரை மட்டும் நாலு தடவை எழுதினேன். போன ரிசல்ட்டில் ஆல் கிளியர். ரூமில் சின்னதாகக் கேக் வெட்டலாம் என்றேன், ‘அரியர் கிளியர் பண்ணதுக்கெல்லாம் கேக்காடா’ என்று ஹாஸ்டலே சிரிக்கிறது. அசிங்கமாக இருக்கிறது.
— ஒடுகத்தூர் வாசகர்

பதில்: வெட்டுப்பா! ரேங்க் வாங்கினவன் எம்3யை ஒரு தடவை எழுதினான். நீ நாலு தடவை அதே ஃபூரியர் சீரிஸைத் திறந்துவைத்துக்கொண்டு, பாஸான பையன்கள் ஆட்டம் போடுகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்க உட்கார்ந்து படித்தாய். மூணாவது தடவை ஃபெயிலான பின்னால் நாலாவது தடவைக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டுகிற வரிசையில் போய் நிற்கிறது இருக்கிறதே, அதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் மெடல் கொடுப்பதில்லை, கொடுக்கலாம் என்பது என் கட்சி. அரியர் வந்ததற்கு நீயும் காரணம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன், முதல் இரண்டு வருஷம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நான் கேட்கவில்லை.

கேக் அரைக் கிலோ போதும். சிரித்தவர்களையும் கூப்பிடு, கேக் என்றால் வருவார்கள். மூஞ்சியில் கிரீம் அப்புகிற கூத்து மட்டும் வேண்டாம், தின்கிற பண்டம். உனக்கு எம்3 சொல்லிக்கொடுத்த சீனியரோ ரூம்மேட்டோ கட்டாயம் ஒருத்தர் இருப்பார், முதல் துண்டு அவருக்கு. அப்புறம் அந்தப் பழைய நோட்டை எடைக்குப் போட்டுவிடாதே. செகண்ட் இயரில் இப்போது ஃபெயிலாகி மூலையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பையனைத் தேடிப்பிடித்துக் கொடு. பிளேஸ்மென்டுக்கு வருகிற கம்பெனிகள் நிறைய ‘நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது’ என்றுதான் கேட்கின்றன, வந்த அரியரைக் கேட்பதில்லை. இனி அந்தக் கதவும் உனக்குத் திறந்திருக்கிறது. கல்லூரி ஆபீஸில் ஏழு பேப்பர் மார்க்கும் ஏறிவிட்டதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் கத்தியை எடு.

கேள்வி: நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். எங்கள் பரம்பரையிலேயே என் மகள்தான் முதல் டிகிரி, அதுவும் டிபார்ட்மென்டில் முதலாவதாக வந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பெரிதாக ஒரு பிளெக்ஸ் வைக்கலாம் என்றேன். இரண்டு நாளாக என்னோடு பேச மாட்டேன் என்கிறாள். பெற்றவன் சந்தோஷப்படுவது தப்பா?
— ஆம்பூர் வாசகர்

பதில்: சந்தோஷம் தப்பே இல்லை. தாசில்தார் ஆபீஸில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு மனுவோடு நின்ற அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன், அந்தத் தாளை அவர்கள் மடிக்காமல் கொண்டுபோகிற விதமே தனி. ஆனால் பிளெக்ஸ் வேண்டாங்க. அனுமதி வாங்காமல் வைக்கக் கூடாது என்பது ஒரு பக்கம், 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு இளம் எஞ்சினியர் பெண் உயிரையே விட்டாள் என்பதை நாம் அதற்குள் மறந்துவிட்டோம். அதைவிட, நம் ஊர் பிளெக்ஸை யோசித்துப் பாருங்கள்: உங்கள் மகள் படம் நடுவில் இருக்கும், சுற்றி ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’ என்று கூலிங்கிளாஸ் போட்ட பதினாறு ஆண்கள். அவள் பேசாமல் இருப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நீங்கள் இருப்பது ஆம்பூரில், சாமி. சீரகச் சம்பா, காய்ந்த மிளகாய் விழுது, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் என்று ஒரு அண்டா இறக்கினால் செய்தி பேனரைவிட வேகமாகத் தெருவைச் சுற்றிவிடும். யாரைக் கூப்பிடுவது என்ற லிஸ்டை மட்டும் அவள் கையில் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பேரே தெரியாத ஒரு ஸ்கூல் டீச்சர் பேர் அதில் முதலாவதாக இருக்கலாம். கேட்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் காலேஜில் பட்டமளிப்பு விழா படிப்பு முடிந்து பல மாசம் கழித்துத்தான் நடக்கும். அதற்குள் நான் பெங்களூரில் வேலையில் இருப்பேன். சர்டிபிகேட்டை அப்புறம் ஆபீஸிலேயே வாங்கிக்கொள்ளலாமே, இதற்கு ஒரு லீவா? அம்மாதான் அந்தக் கறுப்பு கவுனில் போட்டோ வேண்டும் என்கிறார்.
— வாலாஜாபேட்டை வாசகர்

பதில்: லீவ் போடு. காட்பாடிக்கு பெங்களூரிலிருந்து ரயிலுக்கா பஞ்சம்? அம்மாவுக்கு வேண்டியது சர்டிபிகேட் இல்லை, அந்தத் தொப்பி. ஒரு நிமிஷம் அவர் தலையிலும் வைத்து ஒரு படம் எடு. ஒன்றே ஒன்று, வாடகைக் கவுனைத் திருப்பிக் கொடுக்கிற நேரத்தை முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள். என் மகள் பட்டம் வாங்கின அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கின இடத்திலேயே ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்து வரிசையாகக் கழற்றி வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிற போட்டோவில் அவள் சுடிதாரில்தான் நிற்கிறாள், பக்கத்தில் என் மனைவி அந்த மேஜைக்காரரை முறைத்துக்கொண்டிருக்கிறார்.