கட்டிங் வீல் பறித்த கண்: ஓனர் நீட்டும் முத்திரைத்தாளில் கையெழுத்திடலாமா?

கேள்வி: கப்பலூர்ப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் 11 ஆண்டுகளாக வெல்டராக இருந்தேன். 2024 செப்டம்பரில் குடோன் ஷெட்டுக்கு ட்ரஸ் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம்) செய்துகொண்டிருந்தபோது கிரைண்டரின் கட்டிங் வீல் உடைந்து தெறித்து, இடது கண்ணில் பார்வை முழுவதும் போய்விட்டது. அப்போது எனக்கு வயது 35. நாள் கூலி 900 ரூபாய். கடைசி எட்டு மாதம், செய்து முடிக்கும் இரும்பின் எடைக்குக் கிலோ கணக்கில் கூலி. மைத்துனனை ஹெல்ப்பராக வைத்துக்கொண்டு அவனுக்கு நானே கூலி கொடுத்துவந்தேன். ஓனர் வீட்டுக் கல்யாணத்துக்கு இரவு பகலாக உழைத்தவன் நான். அவரோ ஆஸ்பத்திரிக்கு ஒருமுறைகூட வரவில்லை. இப்போது 1,50,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார். போலீசில் புகார் கொடுக்கலாமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: ஓனர் உங்களைப் பார்க்க வராததும், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கள் உழைத்ததும் எந்த இழப்பீட்டு ஆணையர் முன்பும் ஒரு ரூபாய் பெறாது. போலீஸ் புகாரும் உங்களுக்கு இழப்பீடு வாங்கித் தராது. மைத்துனனுக்கு நானே கூலி கொடுத்தேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது.

விபத்து 2024-இல் நடந்ததால், 2025 நவம்பர் 21 முதல் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருந்தாலும், உங்கள் உரிமையை 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தை வைத்தே பார்க்க வேண்டும். அந்தச் சட்டம் பணியாளருக்குத்தான் இழப்பீடு தருகிறது. கிலோ கணக்கில் கூலி வாங்கியதனால் மட்டும் நீங்கள் பணியாளர் இல்லை என்று ஆகிவிடாது. பட்டறை அவருடையது, மெஷினும் ராடும் கரண்டும் அவருடையவை, எப்போது வர வேண்டும் என்று சொன்னவரும் அவர் என்றால் நீங்கள் அவருடைய பணியாளர்தான். ஆனால் உங்களுக்குக் கீழே ஓர் ஆளை வைத்து நீங்களே கூலி கொடுத்தீர்கள் என்றால், நீங்கள்தான் காண்ட்ராக்டர் என்று எதிர்த்தரப்பு வாதிடும். 12-ஆம் பிரிவு காண்ட்ராக்டரிடம் வேலை செய்பவரைக் காப்பாற்றுமே தவிர, காண்ட்ராக்டரையே காப்பாற்றாது. உங்கள் மைத்துனனுக்கு அடிபட்டிருந்தால் அவன் ஓனரிடம் கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கும்போது கேள்வி எழுகிறது.

தொகையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் கணக்குக்கு மாதம் 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அதில் 60 சதவீதத்தை 35 வயதுக்குரிய 197.06 என்ற காரணியால் பெருக்கினால் 17,73,540 ரூபாய் வரும்; ஒரு கண்ணின் பார்வை போனதற்கு அட்டவணைப்படி 30 சதவீதம், அதாவது 5,32,062 ரூபாய். மருத்துவச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் கொடுக்காததற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் கேட்கலாம். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு இருந்தால் இந்த வழியே அடைபட்டுவிடும். மாதம் 26 நாள் வேலை என்றால் உங்கள் கூலி 23,400 ரூபாய், அது 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டிவிடுவதால் நீங்கள் அதில் வரமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

இனி முத்திரைத்தாளுக்கு வருகிறேன். இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் போச்சு என்று பலர் பயப்படுகிறார்கள். அந்த வாசகத்தை 17-ஆம் பிரிவு செல்லாததாக்கிவிடுகிறது. ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்யாவிட்டால், ஓனர் முழு இழப்பீட்டுக்கும் பொறுப்பாவதோடு, ஏற்கெனவே கொடுத்ததில் பொதுவாகப் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே அவர் தரும் தொகையைப் பற்றிய வாசகம் உங்களைக் கவிழ்க்காது. கவிழ்ப்பது அதற்கு முந்தைய பத்தியில் இருக்கும். என்னிடம் வந்த ஒரு வெல்டரின் 20 ரூபாய் முத்திரைத்தாளில் இரண்டாவது வரி இப்படி இருந்தது: "நான் மேற்படி பட்டறையில் சொந்தப் பொறுப்பில் லேபர் காண்ட்ராக்ட் எடுத்து வேலை செய்து வருபவன்." கண்ணில் கட்டுடன் இருந்தவருக்கு யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள், தொகை வரும் இடத்தை மட்டும். உரிமையை விட்டுக்கொடுத்தது செல்லாமல் போனது. ஆனால் தான் காண்ட்ராக்டர் என்று அவரே ஒப்புக்கொண்டது சாட்சியமாக அப்படியே நின்றது. குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியைத் தாண்ட அவரால் முடியவில்லை.

அதே தாளில் வரக்கூடிய இன்னொரு வரி, வீல் கார்டைப் (கிரைண்டர் வீலை மூடியிருக்கும் பாதுகாப்புத் தகடு) பற்றியது. ட்ரஸ் மூலைக்குள் வீல் போகாது என்று கார்டைக் கழற்றி மேஜைக்கு அடியில் போட்டுவிட்டு வேலை செய்வது பல பட்டறைகளில் வழக்கம். வெறும் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. பாதுகாப்புக்காகத் தரப்பட்ட கார்டைத் தெரிந்தே நீங்கள் கழற்றினீர்கள் என்று நிரூபித்தால், உங்களைப் போல் பகுதி ஊனம் அடைந்தவருக்கு அது தடையாகும். கார்டு இல்லாமலே மெஷினைக் கையில் கொடுத்தார்களா, நீங்கள் கழற்றினீர்களா என்பதை யாருக்கும் எழுதித் தராதீர்கள். ஆஸ்பத்திரியின் முதல் கேஸ் ஷீட்டையும் இப்போதே வாங்கிப் பாருங்கள். கூட வந்த சூப்பர்வைசர், வீட்டில் விறகு வெட்டும்போது பட்டது என்று சொல்லியிருந்தால் அதை முதலில் சமாளிக்க வேண்டியிருக்கும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். மைத்துனன் விஷயம் இருக்கும்வரை இது உறுதியாக வெல்லும் வழக்கு அன்று. ஓனருக்கும் பயம் உண்டு; தோற்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் முழுத் தொகையையும் முன்னதாகக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அவரிடம் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டு பாலிசி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பேச்சு எளிதாகும். நான்கு லட்சத்துக்குக் குறையாமல், மருத்துவச் செலவு தனியாக என்று பேசுங்கள். ஆனால் பணமும் கையெழுத்தும் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையர் முன்பாக, 28-ஆம் பிரிவின்படி பதிவாகும் ஒப்பந்தமாக மட்டுமே இருக்கட்டும். அங்கே நீங்கள் காண்ட்ராக்டர் என்ற வரி இருக்கக் கூடாது.

பேச்சு நடக்கும்போதே மனுவைத் தயார் செய்து வையுங்கள். விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் கெடு, 2026 செப்டம்பர் தொலைவில் இல்லை. பழைய நாள் கூலி ஜிபேயில் வந்திருந்தால் அந்தப் பட்டியலையும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும் இன்றே வேறொரு போனில் சேமியுங்கள். அடுத்தமுறை அவர் தாளோடு வந்தால், வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, அதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.