பழைய ஏழை வீடுகளின் படங்கள்: பெரிய அளவில் எங்கே கிடைக்கும்?

வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்கு 1930களின் அமெரிக்கக் குடிசைகள் வேண்டும், கூகுளில் கிடைப்பதெல்லாம் மங்கலான சின்னப் படங்கள், காப்புரிமையும் பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நேராக அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் (Library of Congress) தளத்துக்குப் போங்கள். 1935 முதல் 1944 வரை அரசுக்காக எடுத்த சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் அங்கே இருக்கின்றன. அரசு ஊழியர்கள் எடுத்தவை என்பதால் காப்புரிமைச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள உரிமைக் குறிப்பைப் பார்த்துவிடுங்கள். அச்சுக்கு இருப்பதிலேயே பெரிய டிஃப் (TIFF) வகைப் படக்கோப்பை இறக்குங்கள்.

நிறையப் படங்களுக்குத் தலைப்பே கிடையாது, அதனால் தேடலில் வராது. நல்ல படம் ஒன்று சிக்கினால், அதன் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைக் காட்டும் இணைப்பை அழுத்துங்கள். அதே வீட்டின் அடுப்படி, திண்ணை எல்லாம் வரிசையாக வரும்.

சில படங்களின் நடுவில் கறுப்பு வட்டம் இருக்கும். அது ஸ்கேன் கோளாறு இல்லை. வேண்டாம் என்று ஒதுக்கிய நெகட்டிவில், இந்த அரசுப் படப்பிடிப்புத் திட்டத்தை நடத்திய ராய் ஸ்ட்ரைக்கரின் அலுவலகம் போட்ட துளை.

ஒரு படத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1937இல் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்தில் ஆர்தர் ராத்ஸ்டைன் எடுத்தது. மரவீட்டின் கண்ணாடியில்லாத ஜன்னலில் ஒரு சிறுமி. குளிர்காற்றைத் தடுக்கப் பலகையில் ஒட்டிய செய்தித்தாளில் உணவு விளம்பரம், தட்டோடு சிரிக்கும் பெண். அந்தத் தாள் எழுத்து தெரியும் அளவுக்குப் பெரிதாக அச்சிடுங்கள்.